ஒரு நாளை மில்லிமீட்டரில் அளந்த பெட்டி

மார்ட்டின் ரைட் அந்தப் பெட்டியைச் செய்தபோது சாகக் கிடப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்யவில்லை. வாழ வேண்டிய பிள்ளைகளுக்காகத்தான் செய்தார்.

லண்டனின் வடமேற்கே, ஹாரோ பகுதியில் நார்த்விக் பார்க் மருத்துவமனை இருக்கிறது. 1970களில் அதே வளாகத்தில் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஓர் ஆய்வு மையத்தை நடத்திவந்தது. ரைட் அங்கே வேலை பார்த்தார். படித்தது மருத்துவம், மனம் போனதெல்லாம் கருவிகள் பக்கம். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்றும் வாயில் வைத்து ஊதிப் பார்க்கிறார்களே பீக் ஃப்ளோ மீட்டர், அதை 1950களின் கடைசியில் உலகுக்குத் தந்தவர் அவர்தான்.

அந்நாளில் லண்டன் மருத்துவர்களைக் கலங்கவைத்த நோய்களில் ஒன்று தலசீமியா. சைப்ரஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிலும் தெற்காசியக் குடும்பங்களிலும் பிள்ளைகள் இந்த நோயோடு பிறந்தார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை பிழைக்கும். ஏற்றிய ரத்தத்திலிருக்கும் இரும்புக்கு உடம்பைவிட்டு வெளியேற வழி இல்லை. அது இதயத்திலும் கல்லீரலிலும் போய்ப் படியும். ரத்தம் காப்பாற்றிய பிள்ளையை இரும்பு கொண்டுபோய்விடும். இருபது வயதைத் தொடுவதற்குள் பலர் இறந்தார்கள். இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெரியாக்சமின் என்ற மருந்து இருந்தது. ஆனால் ஒரே ஊசியாகப் போட்டால் சீக்கிரமே கரைந்து போய்விடும், பலன் சொற்பம். தோலுக்கடியில் எட்டுப் பத்து மணி நேரம் மெல்ல மெல்ல ஏற வேண்டும். வாரத்தில் ஐந்தாறு இரவு அப்படி ஏற்ற வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அதற்காக வாரம் முழுக்க மருத்துவமனைக் கட்டிலில் படுக்கவைக்க முடியுமா?

ரைட் செய்த பெட்டி உள்ளங்கையைவிடச் சற்று நீளம். உள்ளே ஒரு சிறு மோட்டார், ஒரு திருகுக் கம்பி, ஒரு பேட்டரி. மேலே சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சைக் கிடத்தி ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும். மோட்டார் விட்டுவிட்டுச் சுழலும். திருகோடு சேர்ந்து நகரும் துண்டு, சிரிஞ்சின் தண்டை மயிரிழை மயிரிழையாக உள்ளே தள்ளும். திருகு வைத்த முறுக்கு அச்சில் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மாவு இறங்குவதுபோலத்தான், ஆனால் இங்கே அந்த இறக்கம் ஓர் இரவு முழுக்க நீளும். சிரிஞ்சிலிருந்து மெல்லிய குழாய், அதன் நுனியில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு வைத்த சின்ன ஊசி. வயிற்றுத் தோலுக்கடியில் அதைச் செருகி ஒட்டிவிட்டால் பிள்ளை தன் வீட்டில், தன் படுக்கையில் தூங்கலாம். இதைத்தான் சிரிஞ்ச் டிரைவர் என்றார்கள்.

1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரைட்டும் அவரோடு வேலை செய்த காலனும் இந்தக் கருவியைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு, அதே இதழில், பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், முற்றிய புற்றுநோயில் வலி தணிக்க இதே பெட்டி உதவுவதைச் சொன்னார். பெட்டியின் வாழ்க்கை அங்கே திசை திரும்பியது.

அது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது, அதற்கு முன்பு என்ன நடந்தது என்று பார்த்தால்தான் புரியும். செவிலியராகத் தொடங்கி, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967இல் தென்கிழக்கு லண்டனின் சிடன்ஹாமில், சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். வலி வந்த பிறகு மருந்து கொடுக்காதே, வலி வருமுன் கடிகாரம் பார்த்துக் கொடு என்பது அவர் விடாமல் வலியுறுத்திய முறை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின். விழுங்க முடிகிறவரை வாய்வழி மருந்தே போதும். விழுங்க முடியாமல் போனால், அல்லது ஓயாத வாந்தி வந்தால், ஊசிதான். நான்கு மணி நேரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு ஆறு ஊசி. எலும்பும் தோலுமாகிப்போன உடம்பில் தசையைத் தேடித்தேடிக் குத்த வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு, அப்போதுதான் கண்ணயர்ந்தவரை எழுப்பிக் குத்த வேண்டும். வலியைத் தணிக்கப் போகிற கையே வலியையும் கொண்டுபோனது.

பெட்டி வந்ததும் ஆறு குத்து ஒன்றானது. அந்த ஒன்றும், ஊசி செருகிய இடம் சிவக்காமல் வீங்காமல் இருந்தால், சில நாள்கள் தாங்கியது. தினமும் சிரிஞ்சை மட்டும் மாற்றினால் போதும். மருந்து ஏறி இறங்காமல் ஒரே சீராக உடம்பில் ஓடியது. குமட்டலுக்கும், மன அலைக்கழிப்புக்கும், தொண்டையில் சளி கரகரப்பதற்கும் தேவையான மருந்துகளையும் அதே சிரிஞ்சில் கலக்கலாம் என்று நர்ஸ்களும் மருத்துவர்களும் சேர்ந்து கண்டுகொண்டார்கள். எதை எதோடு கலக்கலாம், எது எதோடு சேர்ந்தால் திரியும் என்பது ஒரு தனிக் கல்வியாகவே வளர்ந்தது. வாந்திக்குக் கொடுக்கும் சைக்ளிசினை உப்புநீரில் கலந்தால் படிகம் கட்டும், சுத்த நீரில்தான் கலக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கல்வியின் பாடங்கள்.

பிரிட்டனுக்கு இன்னொரு வசதி இருந்தது. பிற நாடுகள் பெரும்பாலும் தடைசெய்துவிட்ட டயாமார்ஃபின் அங்கே மருந்தாகவே புழங்கியது. தெருவில் ஹெராயின் என்று விற்பதும் அதே பொருள்தான். நீரில் அது கரைகிற அளவு வியப்பானது. ஒரு கிராம் கரைய இரண்டு மில்லி நீர்கூட வேண்டாம். சின்ன சிரிஞ்சில் ஒரு நாளின் மருந்து அடங்கியதற்கு இதுவும் காரணம்.

பெட்டி மருத்துவமனையை விட்டு வெளியேற அதிக நாள் பிடிக்கவில்லை. செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் 1969லேயே வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் குழுவைத் தொடங்கிவிட்டிருந்தது. 1975இல் முதல் மேக்மில்லன் நர்ஸ்கள் வேலையில் சேர்ந்தார்கள். புற்றுநோயாளியின் வீட்டுக்கே போகும் சிறப்புச் செவிலியர் என்ற பாத்திரம் தயாராக இருந்தது. அவர் கையில் இந்தப் பெட்டி வந்து சேர்ந்தது. படுக்கையறையில், தலையணைக்குப் பக்கத்தில், துணிப்பைக்குள் அது மெல்ல உறுமியபடி இருக்க, பேரப்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்க, ஒருவர் தன் வீட்டிலேயே கண்மூட முடிந்தது.

இனிச் சொல்வது பெட்டியின் குறை. அதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர்கள் அதில் தங்கியிருந்தன.

பெரும்பாலோர் பயன்படுத்தியது வாட்ஃபோர்டைச் சேர்ந்த கிரேஸ்பி நிறுவனத்தின் பெட்டிகளை. இரண்டு வகை. நீல முகப்புள்ளது எம்எஸ்16ஏ. பச்சை முகப்புள்ளது எம்எஸ்26. அளவு ஒன்று, வடிவம் ஒன்று, பேட்டரி ஒன்று. வேறுபாடு ஒன்றே ஒன்று. நீலப் பெட்டியில் வைக்கும் எண், ஒரு மணி நேரத்தில் தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்பது. பச்சைப் பெட்டியில் வைக்கும் எண், 24 மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்பது.

மில்லிமீட்டர் என்பதைக் கவனியுங்கள். மருந்தை மில்லிலிட்டரில் அளப்பதுதான் உலக வழக்கம். இந்தப் பெட்டிக்கு மருந்து தெரியாது, தண்டின் நீளம் மட்டுமே தெரியும். எனவே நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை நிரப்பி, பெட்டியின் விளிம்பில் அச்சிட்டிருந்த அளவுகோலில் வைத்து, மருந்து நிற்கும் நீளத்தை அளப்பார். 48 மில்லிமீட்டர் வந்தால், பச்சைப் பெட்டியில் 48 என்று வைக்க வேண்டும். நீலப் பெட்டியில் 48ஐ 24ஆல் வகுத்து 2 என்று வைக்க வேண்டும். எண்ணை மாற்ற ஒரு சின்னத் திருப்புளி. சிரிஞ்ச் தயாரிப்பு மாறினால் குழாயின் பருமன் மாறும், அதே மருந்துக்கு நீளமும் மாறும்.

களைத்துப்போன ஒருவர், மங்கிய வெளிச்சத்தில், கைக்குக் கிடைத்தது நீலம் என்று பார்க்காமல் 48 வைத்துவிட்டால்? ஒரு நாளைக்கான மார்ஃபின் ஒரே மணி நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். பச்சையில் 2 என்று வைத்தால், ஒரு நாளின் வலிக்கு ஒரு மணி நேர மருந்துதான் கிடைக்கும். முன்னது கொல்லும், பின்னது வதைக்கும். இரண்டும் நடந்தன. பிழை செய்தவர் பெயர் விசாரணைகளில் பதிவானது. ஒரே உருவத்தில் இரு பெட்டிகளை விற்ற ஏற்பாடு பல ஆண்டுகள் அப்படியே நீடித்தது. பச்சைப் பெட்டியில், அழுத்தினால் கூடுதலாகக் கொஞ்சம் மருந்து தள்ளும் ஒரு பொத்தானும் இருந்தது. பூட்டு கிடையாது.

இந்தப் பெட்டி முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்குள் நுழைந்தது கடைசியில்தான். பிரிட்டனில் இந்த இல்லங்களில் ஏறத்தாழ நான்கு லட்சம் முதியவர்கள் வாழ்கிறார்கள். இங்கிலாந்தில் நிகழும் மரணங்களில் ஐந்தில் ஒன்று அங்கேதான். இருந்தும் நெடுங்காலம் ஹாஸ்பிஸின் அக்கறை புற்றுநோயைச் சுற்றியே இருந்தது. மறதிநோயில் ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து போகிற ஒரு மூதாட்டி சாகும் நோயாளி என்றே எண்ணப்படவில்லை. மூச்சு வாங்கினால் ஆம்புலன்ஸ், காய்ச்சல் வந்தால் ஆம்புலன்ஸ். தெரியாத வார்டில், பெயர்கூடச் சொல்ல முடியாமல், தள்ளுகட்டிலில் கிடந்து இறந்தவர்கள் எத்தனையோ பேர்.

இல்லங்களும் எல்லாம் ஒன்றல்ல. சிலவற்றில் பதிவுபெற்ற நர்ஸ் எந்நேரமும் உண்டு. மற்றவற்றில் நர்ஸே கிடையாது. குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைக்கும் பராமரிப்பாளர்கள் மட்டும். அவர்கள் சிரிஞ்ச் டிரைவரைத் தொடக்கூடாது. அங்கே டிஸ்ட்ரிக்ட் நர்ஸ், நம்மூர் கிராமச் செவிலியரைப் போல ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றிவருபவர், நாளுக்கு ஒருமுறை வந்து சிரிஞ்சை மாற்றிவிட்டுப் போவார். மீதி நேரம் முழுக்க அந்த முதியவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது, பெட்டியைத் திறக்க அனுமதி இல்லாத அந்தப் பராமரிப்பாளர்தான். வலி கூடுகிறதா என்று முதலில் அறிகிறவரும் அவரே. இந்த இரண்டு பேருக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தில்தான் வலிதணிப்பில் தேர்ந்த சிறப்புச் செவிலியர் வந்து நின்றார்.

வந்தது எளிதாக நடக்கவில்லை, ஏனென்றால் அதே காலத்தில் அச்சமும் வந்தது. மான்செஸ்டர் அருகே ஹைட் ஊரில் ஹெரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப மருத்துவர், தன்னை நம்பிய நோயாளிகளை டயாமார்ஃபின் ஊசியால் கொன்றது 1998இல் வெளிப்பட்டது. 2000இல் 15 கொலைகளுக்காக அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. உண்மையில் கொன்றது அதைப்போலப் பல மடங்கு என்று விசாரணை ஆணையம் பின்னர் கண்டது. அதன் பிறகு மார்ஃபின் வகை மருந்துகளைப் பற்றிய கெடுபிடிகள் இறுகின. இறுகியது நியாயமே. ஆனால் நேர்மையான மருத்துவர்களும் மருந்துச் சீட்டு எழுதக் கை நடுங்கினார்கள், அந்த நடுக்கத்தின் விலையை வலியில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள்.

பிறகு காஸ்போர்ட். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள காஸ்போர்ட் போர் நினைவு மருத்துவமனையில் 1989க்கும் 2000க்கும் இடையே, மருத்துவக் காரணமே இல்லாமல் வலுவான ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மருந்துகள் கொடுக்கப்பட்டு 456 பேரின் ஆயுள் குறுக்கப்பட்டது என்று லிவர்பூலின் முன்னாள் பிஷப் ஜேம்ஸ் ஜோன்ஸ் தலைமையிலான குழு 2018 ஜூனில் அறிவித்தது. இறந்தவர்களில் பலர் சாக வந்தவர்கள் அல்லர், விழுந்து எலும்பு முறிந்து, நடை பழக வந்த முதியவர்கள். மருந்து போன வழி பெரும்பாலும் சிரிஞ்ச் டிரைவர். 1991லேயே அந்த வார்டு நர்ஸ்கள் சிலர் இது சரியில்லை என்று மேலிடத்தில் முறையிட்டிருந்தார்கள் என்பது அந்த அறிக்கையில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி. அவர்களை அமைதியாக்கிவிட்டார்கள். வலியின் அறிகுறி என்ன, எந்த அளவில் தொடங்க வேண்டும், யாருக்கு இது வேண்டவே வேண்டாம் என்பதை அறிந்தவர் பக்கத்தில் இருந்து, அவர் வாய் திறக்கவும் முடிந்தால்தான் இந்தப் பெட்டி மருத்துவக் கருவி. இல்லாவிட்டால் அது வேறு ஏதோ ஒன்று.

நீலத்துக்கும் பச்சைக்கும் ஓய்வு கொடுக்கும் வேலை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் முதலில் நடந்தது. இங்கிலாந்தில் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2010 டிசம்பரில், மில்லிமீட்டரில் அளக்கும் கருவிகளை ஐந்தாண்டுக்குள் விலக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. அவற்றின் இடத்துக்கு மெக்கின்லி டி34 என்ற கருவி வந்தது. இது மில்லிலிட்டரில் பேசும். சிரிஞ்சை வைத்தவுடன் அதன் அளவைத் தானே உணர்ந்து, எந்தத் தயாரிப்பு என்று நர்ஸிடம் உறுதிகேட்கும். எவ்வளவு போயிருக்கிறது, எவ்வளவு மீதி, எத்தனை மணி நேரம் ஓடும் என்று திரையில் காட்டும். குழாய் மடங்கினால் ஒலியெழுப்பும். விசைகளைப் பூட்டலாம், கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துச் சாவியாலும் பூட்டலாம். முப்பது ஆண்டு அனுபவத்தில் பட்ட அடிகள் அத்தனையும் இந்தப் பூட்டுகளில் இருக்கின்றன.

இப்போது ஒரு பராமரிப்பு இல்லத்தில் இந்தப் பெட்டி எப்படி வேலைக்கு வருகிறது என்று பார்ப்போம்.

தொண்ணூறைத் தாண்டிய ஒரு பெண்மணி. மறதிநோய் முற்றிப் பேச்சு நின்று பல மாதம். முதுகில் புண், இடுப்பில் பழைய முறிவு. இதுவரை மார்ஃபின் திரவத்தைக் கரண்டியில் கொடுத்துவந்தார்கள். இரண்டு நாளாக விழுங்கவில்லை. சிறப்புச் செவிலியர் வந்ததும் பெட்டியை வெளியே எடுப்பதில்லை. கட்டிலருகே உட்கார்ந்து பார்ப்பார். பேச முடியாதவரின் வலியை எப்படி அளப்பது? ஜெனிஃபர் அபி என்ற ஆஸ்திரேலியச் செவிலிய ஆய்வாளர் வகுத்த அளவுகோல் ஒன்று 2004இல் வெளிவந்தது. முனகல், முகச் சுளிப்பு, உடம்பின் அசைவு, நடத்தை மாற்றம், நாடித்துடிப்பு, உடம்பில் தெரியும் காயம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவது. புரட்டிப் படுக்கவைக்கும்போதுதான் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும், சும்மா கிடக்கும்போது அல்ல. செவிலியர் அதைப் பராமரிப்பாளரைக் கேட்டுக் கேட்டே போடுவார். “நீங்கள் தினமும் குளிப்பாட்டுகிறீர்கள், எந்தப் பக்கம் திருப்பினால் புருவம் சுருங்குகிறது?” விடை அவரிடம்தான் இருக்கும்.

பிறகு மலச்சிக்கலா, சிறுநீர் அடைத்திருக்கிறதா, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பார். சிறுநீர் அடைப்பால் துடிக்கிறவருக்கு மார்ஃபின் ஏற்றிப் பயன் என்ன? இந்தப் பரிசோதனையின் முடிவில் பெட்டியே வேண்டாம் என்றுகூடத் தீரலாம். அப்படித் தீர்வதும் அந்தச் செவிலியரின் திறமைதான்.

வேண்டும் என்று முடிவானால் கணக்கு. வாய்வழி நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபின் என்றால், தோலடியில் அதில் பாதி, 30. டயாமார்ஃபின் என்றால் மூன்றில் ஒன்று, 20. சிறுநீரகம் பழுதென்றால் மார்ஃபினின் எச்சங்கள் உடம்பில் தேங்கும், அளவையோ மருந்தையோ மாற்ற வேண்டும். மருத்துவர் எழுத, இருவர் சரிபார்க்க, கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஊசியை எங்கே செருகுவது? வழக்கமாக மேற்கை, மார்பு, வயிறு, தொடை. ஆனால் நினைவு தப்பியவர் குழாயைப் பிடுங்கிவிடலாம். அவருக்குத் தோள்பட்டை எலும்புக்கு அருகே, முதுகில், கைக்கு எட்டாத இடத்தில் செருகுவார்கள். எந்தக் கருவியின் கையேட்டையும்விட, இது போன்ற அறிவுதான் இல்லம் விட்டு இல்லம் போகிறது.

அடுத்தது மகளோ மகனோ கேட்கிற கேள்வி. “இதை மாட்டினால் அம்மா போய்விடுவார்களா?” அண்டை வீட்டில் இப்படி மாட்டி இரண்டாம் நாள் இறந்தார் என்று எல்லோருக்கும் ஒரு நினைவு இருக்கிறது. காஸ்போர்ட் செய்தியும் படித்திருப்பார்கள். அந்தப் பயம் மடமை அல்ல. செவிலியர் அவசரப்படாமல் உட்கார்ந்து சொல்வார்: விழுங்க முடியாததால் மருந்து போகும் பாதையை மாற்றுகிறோம், நேற்று வாயால் போன அதே மருந்துதான், கணக்கு இதோ. இறப்பு நெருங்குவதால் பெட்டி வருகிறதே தவிர, பெட்டி வருவதால் இறப்பு நெருங்குவதில்லை. நிலைமை தேறி விழுங்கத் தொடங்கினால் பெட்டியைக் கழற்றிவிடலாம், அப்படிக் கழற்றியதும் உண்டு. இதைச் சொல்ல அரை மணி நேரம் ஆகும். மாலைக்குள் பத்து வீடு ஏறி இறங்க வேண்டிய டிஸ்ட்ரிக்ட் நர்ஸிடம் அந்த அரை மணி நேரம் இருக்காது.

பிரிட்டனின் இந்த இல்லங்களில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் போன செவிலியர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். 2022 தொடக்கத்தில் பராமரிப்பாளர்களுக்கும் விசா கதவு திறந்ததும் இன்னும் பலர் போனார்கள். வலிதணிப்பை இந்தியாவில் ஊர்மக்கள் இயக்கமாக நடத்திக்காட்டிய மண் கேரளம். ஆனால் இந்தியாவின் பெரும்பாலான மருத்துவமனைகளில் மார்ஃபினே எளிதில் கிடைக்காத சூழலில் படித்து வந்தவருக்கு, பூட்டிய பெட்டிக்குள் ஒரு நாளின் மார்ஃபின் ஓடுவதைப் பார்ப்பது புதிது. சிறப்புச் செவிலியரின் பாடம் அவர்களிடமிருந்தும் தொடங்க வேண்டியிருக்கிறது.

2020 வசந்தத்தில் கொரோனா இந்த இல்லங்களைப் பிடித்தபோது பெட்டியின் எல்லை தெரிந்தது. ஒரே வாரத்தில் பலர் மூச்சுத் திணறினார்கள். கருவிகளுக்குத் தட்டுப்பாடு வருமோ என்ற அச்சம், வெளியிலிருந்து நர்ஸ்கள் வர முடியாத நிலை. தோலில் ஒட்டும் வலிப் பட்டைகள், கன்னத்தின் உட்புறத்தில் இடும் மிடசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து என்று, பெட்டி இல்லாமலே சமாளிக்கும் வழிகளை வலிதணிப்புக் குழுக்கள் அவசரமாக எழுதி அனுப்பின. ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்ற பழைய விதியை அந்த ஏப்ரலில் அரசே தளர்த்தி, இல்லங்களுக்குள் மறுபயன்பாட்டுக்கு வழிவகுத்தது. எந்த இல்லத்தில் சிறப்புச் செவிலியர் ஏற்கெனவே பழகியிருந்தாரோ, அங்கே தொலைபேசியில் ஒரு குரல் போதுமானதாக இருந்தது. முன்பின் தெரியாத குரலை அந்த நேரத்தில் யார் நம்புவார்கள்?

அந்தப் பழக்கத்தை ஒரு முறையாகவே ஆக்கியவர்கள் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருக்கிறார்கள். கிளேர் ஹாலண்ட் ஹவுஸ் என்ற ஹாஸ்பிஸின் செவிலியர்களும், லிஸ் ஃபோர்பட் என்ற ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்கிய அந்த முறைக்கு நீட்ஸ் ரவுண்ட்ஸ் என்று பெயர். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம், சிறப்புச் செவிலியர் இல்லத்துக்கு வந்து பணியாளர்களோடு உட்காருவார். கட்டில் கட்டிலாகப் போவதில்லை. எட்டுப் பத்துப் பேரின் பெயரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் சில கேள்விகள். அடுத்த ஆறு மாதத்தில் இவர் இறந்தால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்களா? வலியோ மூச்சிரைப்போ கூடியிருக்கிறதா? இவர் சார்பில் முடிவெடுக்க யாரையாவது குறித்திருக்கிறாரா? குடும்பத்துக்குள் கருத்துவேறுபாடு உண்டா? வரப்போகும் நாளுக்கான மருந்துகள் முன்கூட்டியே எழுதி அலமாரியில் இருக்கின்றனவா?

2017 முதல் 2018 வரை கான்பெராவில் 12 இல்லங்களில், 1,700 பேர் வாழ்ந்த இடங்களில், இதைச் சோதித்தார்கள். 2020இல் வெளியான முடிவின்படி, அங்கே வாழ்ந்தவர்கள் மருத்துவமனையில் கிடந்த நாள்கள் குறைந்தன, சேர்க்கைகளும் குறைந்தன. ஃபோர்பட் பின்னர் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்திலிருந்து அதே முறையைப் பிரிட்டன் இல்லங்களுக்கு ஏற்றபடி மாற்றும் வேலையில் இறங்கினார். ரைட்டின் பெட்டி லண்டனிலிருந்து கான்பெரா போனது, அதைப் பக்குவமாகப் பயன்படுத்தும் முறை கான்பெராவிலிருந்து பிரிட்டன் திரும்பியது.

அந்த ஒரு மணி நேரப் பேச்சில் சிரிஞ்ச் டிரைவரின் பெயர் அதிகம் வருவதில்லை. மருந்துகள் தயார், குடும்பத்தோடு பேசியாகிவிட்டது, விழுங்குவது நின்றால் யாரை அழைப்பது என்று தெரியும் என்ற நிலை இருந்தால், பலருக்குக் கடைசி நாள்களில் சிறு அளவு மருந்தே போதும், பெட்டி தேவைப்படாமலே போகும். தேவைப்படுகிறவருக்கோ, அது நள்ளிரவு ஆம்புலன்ஸுக்குப் பதிலாக அன்று மாலையே வந்துசேரும்.

ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து தன் முதியோர் இல்லங்களில் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று சட்டமாக்கியது. இங்கிலாந்தின் நர்ஸில்லா இல்லங்களில் பெட்டியின் சாவி இன்னும் டிஸ்ட்ரிக்ட் நர்ஸோடுதான் வந்து போகிறது. அங்கே போகும் சிறப்புச் செவிலியர்களில் பலருக்குச் சம்பளம் தருவது ஹாஸ்பிஸ்கள். அந்த ஹாஸ்பிஸ்களின் செலவில் ஒரு பகுதியைத்தான் அரசு தருகிறது. மீதி நன்கொடைகளிலிருந்தும், பழைய துணியும் புத்தகமும் விற்கும் அறக்கடைகளிலிருந்தும் வருகிறது. இல்லங்களிலோ ஆள் நிலைப்பதில்லை. போன மாதம் அபி அளவுகோலைக் கற்றுக்கொண்ட பராமரிப்பாளர் இந்த மாதம் வேறு வேலைக்குப் போயிருப்பார், அவரிடத்தில் புதிதாக ஒருவர் நிற்பார். அவருக்கு முதலிலிருந்து சொல்லித்தர அடுத்த மாதமும் அந்தச் செவிலியர் வந்தாக வேண்டும்.